உப்பில் பிறந்த படிகமும் நூறு கெல்வின் குளிரும்

அடர்த்தியான அம்மோனியம் சல்பேட் கரைசலில் பல நாள் காத்திருந்து வளர்த்த ஒரு புரதப் படிகம். அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அதை ஒரு நொடிக்குள் 100 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 173 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டி ஆகிவிடக் கூடாது. படிகம் விரிசல் விடவும் கூடாது.

இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. உப்பை நீக்கு என்றார்கள் சிலர். சர்க்கரையைச் சேர் என்றார்கள் வேறு சிலர். வேறோர் உப்பைக் கூட்டு, எண்ணெயில் முக்கு, எதையுமே சேர்க்காதே, குளிர்விக்கவே வேண்டாம் என்றெல்லாம் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு விடைக்கும் சாட்சி சொல்ல வெற்றிபெற்ற படிகங்கள் உண்டு. ஆகவே எது சரி என்பதைவிட, எந்த விடை எந்தப் படிகத்துக்கு, ஏன் பொருந்துகிறது என்று கேட்பதே பயன் தரும்.

குளிர் எதற்கு?

புரதப் படிகம் சர்க்கரைக் கற்கண்டு போல இறுகிய பொருள் அல்ல. மூலக்கூறுகளுக்கு இடையே அகலமான வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவை நிறையக் கரைசல். 1968இல் பிரையன் மேத்யூஸ் அன்று தெரிந்திருந்த படிகங்களைக் கணக்கிட்டபோது, கன அளவில் 27 முதல் 65 விழுக்காடு வரை கரைசலே என்று கண்டார். 1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தை அது வளர்ந்த தாய்க்கரைசலிலேயே ஈரமாக வைத்துப் படம் எடுத்ததால்தான் தெளிவான எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் கிடைத்தன. காய்ந்தால் ஒழுங்கு குலைகிறது.

ஆனால் ஈரப் படிகம் அறை வெப்பநிலையில் எக்ஸ் கதிரைத் தாங்குவதில்லை. கதிர் பட்டதும் நீரில் உருவாகும் தனி உறுப்புகள் படிகமெங்கும் பரவிப் புரதத்தைத் தாக்குகின்றன. குளிரில் அவற்றின் நடமாட்டம் பெரும்பாலும் முடங்குகிறது. பார்பரா லோவும் கூட்டாளிகளும் 1966இல் இன்சுலின் படிகங்களைக் குளிர்வித்து இதை ஆராய்ந்தார்கள். இன்று 100 கெல்வினில் ஒரு படிகத்தின் ஆயுள் ஏறக்குறைய 70 மடங்கு வரை நீளும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கும் எல்லை உண்டு: ரிச்சர்ட் ஹெண்டர்சன் 1990இல் அதை 20 மெகாகிரே (கிரே என்பது உறிஞ்சிய கதிரளவின் அலகு) என்று கணித்தார், ஓவனும் எல்ஸ்பத் கார்மனும் மற்றவர்களும் 2006இல் அபோஃபெரிட்டின் படிகங்களை அளந்து 30 மெகாகிரே என்ற வரம்பைப் பரிந்துரைத்தார்கள். புரதத் தரவு வங்கியில் உள்ள எக்ஸ் கதிர் அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை 100 கெல்வினுக்கு அருகில் எடுத்த தரவுகளிலிருந்து வந்தவை.

தடை நீரில் இருக்கிறது. பனிக்கட்டி ஆகும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. படிகத்தின் அடுக்கு குலைகிறது. 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் இடங்களில் தோன்றும் பனி வளையங்கள் புரதத்தின் புள்ளிகளை மூடிவிடுகின்றன. எனவே நீர் படிகமாகாமல் கண்ணாடி போல உறைய வேண்டும். தூய நீரை அப்படி உறையவைக்க நொடிக்குப் பல லட்சம் கெல்வின் வேகம் தேவை. படிகத்தைச் சிறு வளையத்தில் எடுத்துக் கையால் திரவ நைட்ரஜனில் முக்கினால் கிடைப்பதோ பெரும்பாலும் நூறுகளில்தான். இந்த இடைவெளியை நிரப்பவே குளிர்காப்புப் பொருள்.

உப்பு ஏன் தொல்லை?

உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் என்பது குல்ஃபி வண்டிக்காரருக்கும் தெரியும். பனிக்கட்டியோடு கல்லுப்பைக் கலந்துதான் அவர் பெட்டியைச் சுழியத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அப்படியானால் 2 அல்லது 3 மோலார் உப்பில் வளர்ந்த படிகத்துக்குத் தனிக் காப்பு எதற்கு?

உறைநிலை தாழ்வது வேறு, கண்ணாடி ஆவது வேறு என்பதே இதற்கு விடை. சோடியம் குளோரைடு கரைசலை எவ்வளவு அடர்த்தியாக்கினாலும் சமநிலையில் மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே அது திரவமாக நிற்காது. அம்மோனியம் சல்பேட்டுக்கு அந்த எல்லை மைனஸ் 19 டிகிரி அளவில். அதற்குக் கீழே நீர் தனியாகவும் உப்பு தனியாகவும் படிகமாகப் பார்க்கின்றன. 100 கெல்வினுக்குப் போகும் வழியில் மைனஸ் 20 என்பது முதல் படி மட்டுமே.

சரி, காப்புப் பொருளைச் சேர்க்கலாமே என்றால் அங்கே இரண்டாவது சிக்கல் முளைக்கிறது. உப்புக்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பலபடியில் வளர்ந்த படிகத்துக்குக் கூடுதல் கிளிசரால் ஊற்றுவது எளிது. அடர்ந்த உப்புக் கரைசலில் ஆல்கஹாலையோ எம்.பி.டி. என்ற கரிமக் கரைப்பானையோ சேர்த்தால் உப்பு கரைந்து நிற்க இடமின்றிப் படிவாக விழும். இல்லையேல் கரைசல் இரண்டு அடுக்குகளாகப் பிரியும். பாலிஎத்திலீன் கிளைக்காலும் அம்மோனியம் சல்பேட்டும் அப்படிப் பிரிவது உயிர்வேதியியலில் புரதத்தைப் பிரித்தெடுக்கவே பயன்படும் அளவுக்கு நம்பகமானது. உப்பைக் குறைத்துச் சேர்ப்போம் என்றால் படிகமே கரையத் தொடங்கும். புரதத்தைப் படிகத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்த உப்புதானே.

மூன்றாவது, சவ்வூடு பரவல் அழுத்தம். நிறைந்த அம்மோனியம் சல்பேட் கரைசலின் மேல் அறை வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் நிற்கும். படிகம் அந்த வறட்சிக்குப் பழகியது. நீர்த்த கரைசலில் திடீரென்று போட்டால் நீர் உள்ளே பாய்கிறது. ஈரப்பதம் சற்று மாறினாலும் படிகத்தின் அடுக்கு மாறக்கூடும் என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழு லைசோசைம் போன்ற படிகங்களில் 1980கள் முதலே விரிவாகக் காட்டியிருக்கிறது.

உப்பை நீக்குவோம்

1975இல் கிரிகரி பெட்ஸ்கோ முன்வைத்த வழி துணிச்சலானது: தாய்க்கரைசலையே மாற்றிவிடுவது. பிரான்சில் பியேர் தூசூ நொதிகளைச் சுழியத்துக்குக் கீழே ஆராய்வதற்காக உருவாக்கிய நீர்–ஆல்கஹால் கலவைகளிலிருந்து அவர் இந்த யோசனையை எடுத்தார். ஆல்கஹால் கூடும்போது கரைசலின் மின்காப்பு மாறிலி குறைகிறது. வெப்பநிலை தாழும்போது அது கூடுகிறது. இரண்டையும் படிப்படியாக, ஒன்றை ஒன்று ஈடுகட்டும்படி நடத்தினால் புரதம் வேறுபாட்டை அதிகம் உணராது. ஆல்பரும் பெட்ஸ்கோவும் செர்னோக்லூவும் 1976இல் எலாஸ்டேஸ் நொதியை 70 விழுக்காடு மெத்தனாலில் மைனஸ் 55 டிகிரியில் வைத்து, வினைப்பொருளோடு அது இணைந்திருக்கும் நிலையைப் படமெடுத்தது இந்த வழியின் உச்சம்.

அழகான வேதியியல், ஆனால் பொறுமை கேட்கும் வேதியியல். ஒவ்வொரு புரதத்துக்கும் தனி அட்டவணை தேவை. அதிக உப்பை நம்பி நிற்கும் படிகத்தை ஆல்கஹாலுக்கு மாற்றுவது பலவேளைகளில் அதை உடைத்துவிடுகிறது. மின்னேற்றம் நிறைந்த பரப்புகளை உப்பின் அயனிகள் சமன்செய்து வைத்திருந்தால், அவை நீங்கியதும் அண்டை மூலக்கூறுகள் விலகுகின்றன. அன்றாட ஆய்வகப் பழக்கமாக இந்த முறை நிலைக்கவில்லை.

இனிப்பும் கிளிசராலும்

இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே எளிய வழியொன்று பதிவாகியிருந்தது. பர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாஸும் மைக்கேல் ராஸ்மனும் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் படிகங்களைச் சுக்ரோஸில் ஊறவைத்து மைனஸ் 75 டிகிரியில் தரவு எடுத்தார்கள். கதிர்ச்சேதம் பெரிதும் குறைந்தது. அந்தப் படிகங்கள் அம்மோனியம் சல்பேட்டில் வளர்ந்தவை என்பது இங்கே கவனிக்கத் தக்கது. உப்புப் படிகத்துக்கு இனிப்பு ஒத்துப்போகும் என்ற செய்தி 1970லேயே இருந்தது. பின்னால் வந்தவர்கள் பலர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது.

சர்க்கரையின் சிறப்பு அது திடப்பொருள் என்பதுதான். தாய்க்கரைசலிலேயே நேராகக் கரைக்கலாம். கிளிசராலைப் போலக் கன அளவில் கால் பங்கை விழுங்கி உப்பை நீர்த்துவிடாது. சுக்ரோஸ், குளுக்கோஸ், டிரெகலோஸ், சைலிட்டால் எல்லாம் அடர்ந்த சல்பேட்டிலும் ஓரளவு கரையும். குறை: பாகு போல இறுகுவதால் படிகத்துக்குள் மெதுவாகவே நுழைகிறது. ஊறும் நேரம் போதாவிட்டால் வெளியே கண்ணாடியும் உள்ளே பனியுமாக முடியும்.

இருந்தும் 1990களில் ஆய்வகங்களை ஆண்டது கிளிசரால்தான். கார்மனும் மிட்செலும் 1996இல் பரவலாகப் பயன்பட்ட 50 படிகமாக்கும் கரைசல்களை எடுத்து, ஒவ்வொன்றும் தெளிந்த கண்ணாடியாக எவ்வளவு கிளிசரால் வேண்டும் என்று அளந்தார்கள். 2 மோலார் அம்மோனியம் சல்பேட்டுக்கு 25 விழுக்காடு தேவைப்பட்டது. 4 மோலார் சோடியம் ஃபார்மேட்டுக்குப் பத்தே போதும். அந்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது கரைசல்களின் அட்டவணை, படிகங்களின் அட்டவணை அல்ல. வளையத்தில் எடுத்த துளி தெளிவாக உறைந்தது என்பதால் அதற்குள் இருக்கும் படிகம் நலமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கிளிசரால் பல புரதங்களின் கரைதிறனைக் கூட்டுகிறது. நொதியின் வினை மையத்தில் சர்க்கரை அமரும் இடத்தில் தானே போய் அமர்ந்து ஆய்வாளரை ஏமாற்றவும் செய்கிறது.

அந்த அட்டவணையில் இன்னொரு குறிப்பும் மறைந்திருந்தது. ஃபார்மேட்டுக்கு ஏன் இவ்வளவு குறைவு? உப்புகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல.

உப்பே காப்பு

2000ஆம் ஆண்டில் ரூபின்சன், லேட்னர், டோர்டோவா, கில்லிலாண்ட் ஆகியோர் இதை நேராக எடுத்துக்கொண்டார்கள். லித்தியம் ஃபார்மேட், லித்தியம் குளோரைடு போன்ற, நீரில் மிக அதிகமாகக் கரையும் உப்புகள் எந்தக் கரிமப் பொருளும் இல்லாமலேயே பனி வளையமற்ற கண்ணாடியைத் தருகின்றன என்று காட்டினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. லித்தியம் குளோரைடு கரைசல் மைனஸ் 75 டிகிரி அளவுக்குத் திரவமாகவே போகும். அதன் அயனிகள் நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்வதால், பனிக்கட்டியின் அறுகோண வரிசையில் நிற்க நீருக்கு வாய்ப்பு குறைகிறது. அம்மோனியம் சல்பேட்டில் வளர்ந்த படிகத்தை 2 மோலாருக்கு மேற்பட்ட லித்தியம் சல்பேட்டுக்கு மாற்றிக் குளிர்விப்பது இதே கருத்தின் எளிய வடிவம். எதிரயனி அப்படியே இருக்க, நேரயனி மட்டும் மாறுகிறது. படிகத்துக்கு அதிர்ச்சி குறைவு.

மூன்று ஆண்டுகள் கழித்து ஹோலியோக்கும் பெட்ஸ்கோவும் மற்றவர்களும் சோடியம் மலோனேட்டை முன்வைத்தார்கள். உப்பை நீக்கச் சொன்ன அதே பெட்ஸ்கோ, கால் நூற்றாண்டுக்குப் பின் உப்பையே காப்பாக்கும் கட்டுரையில் பெயர் சேர்த்திருப்பது இத்துறையின் போக்கையே காட்டுகிறது. மலோனேட் கரிம அமிலத்தின் உப்பு. அலெக்சாண்டர் மெக்பர்சன் 2001இலேயே அதைப் படிகமாக்கும் பொருளாகப் பரிந்துரைத்திருந்தார். புரதத்தை வெளித்தள்ளும் திறனில் சல்பேட்டுக்கு இணையாக நிற்கிறது. போதிய அடர்த்தியில் கண்ணாடியாகவும் உறைகிறது. வளர்ந்த உப்பைப் படிப்படியாக மலோனேட்டால் மாற்றிவிட்டால் படிகத்தைப் பிடித்து வைக்கும் வேலையையும் குளிரில் காக்கும் வேலையையும் ஒரே பொருள் செய்கிறது. இன்னொரு நன்மை: அம்மோனியம் சல்பேட் காரத்தன்மையில் அம்மோனியாவை வெளிவிடும், அது எக்ஸ் கதிர் அலைகளின் கட்டத்தைக் கண்டறியச் சேர்க்கும் கன உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். மலோனேட்டில் அந்த அம்மோனியா இல்லை.

இத்தனை இருந்தும் இதைப் பொதுமருந்து என்று சொல்வதில் தயக்கம் வேண்டும். மலோனேட் சக்சினேட் டீஹைட்ரஜனேஸ் நொதியைத் தடுக்கும் பொருளாகப் பாடநூல்களில் வருவது. இரண்டு கார்பாக்சில் கைகளால் உலோக அயனிகளையும் பற்றும். உலோகத்தை மையமாகக் கொண்ட நொதியில் அதைப் பல மோலார் அளவில் ஊற்றினால் வினை மையத்தின் படம் யாருடையது என்ற ஐயம் எழும். அதோடு, இத்தகைய ஆய்வுகளில் பல லைசோசைம் போன்ற திடமான படிகங்களை நம்பியிருக்கின்றன. 2010இல் வந்த புயாச் குழுவின் கரிம அமில உப்புகள் பற்றிய கட்டுரை தலைப்பிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது: நாற்கோணக் கோழிமுட்டை லைசோசைம். எதையும் தாங்கும் படிகத்தில் வென்ற முறை, தொட்டால் நொறுங்கும் படிகத்தில் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை.

உவர் நிலத்தின் உயிரிகளிடமிருந்து வந்த சான்று இங்கே சுவையானது. சாக்கடலில் வாழும் ஹாலோஆர்குலா மாரிஸ்மார்ட்டுயி நுண்ணுயிரின் ரைபோசோம் அதிக உப்பில்தான் நிலைக்கும். அடா யோனத்தும் ஹோக்கன் ஹோப்பும் 1989இல் ரைபோசோம் படிகங்களைத் தாழ்வெப்பத்தில் ஆராயலாம் என்று காட்டிய பிறகே அதன் அமைப்பைத் தீர்க்கும் வேலை வேகமெடுத்தது. 2000இல் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு அதன் பெரிய துணை அலகை 2.4 ஆங்ஸ்ட்ராமில் தீர்த்தபோது, 1.7 மோலார் சோடியம் குளோரைடை விட்டுவிடாமல் கூடவே எத்திலீன் கிளைக்காலைப் படிப்படியாகச் சேர்த்துத்தான் உறையவைத்தார்கள். அதே ஆண்டில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு வேறொரு நுண்ணுயிரின் சிறிய துணை அலகைத் தீர்த்தது. அந்தப் படிகங்கள் எம்.பி.டி.யில் வளர்ந்தவை. எம்.பி.டி.யே காப்புமாகிவிட்டது. இரு குழுவினருக்கும் அளவில் ஒத்த சவால், ஆனால் உப்பு ஒன்றுதான் வழியைப் பிரித்தது.

உள்ளே கை வைக்காமல்

வேதிப்பொருள் எதையும் உள்ளே விடாமல் முடியுமா? 1988இல் ஹோப் படிகத்தை எண்ணெயில் புரட்டி, ஒட்டியிருந்த தாய்க்கரைசலை நீக்கி, நேரே குளிர்வித்தார். இதன் பின்னுள்ள கருத்து ஆழமானது: முதலில் பனியாவது பெரும்பாலும் படிகத்தைச் சுற்றியுள்ள படலம், வாய்க்கால்களுக்குள் நெருக்குண்ட நீர் அவ்வளவு எளிதில் பனியாவதில்லை. 2011இல் பெல்லெக்ரீனி, பியானோ, பௌலர் மூவரும் வெளிப்புறக் கரைசலைத் துடைத்துவிட்ட 'நிர்வாணப்' படிகங்கள் பலவற்றைக் காப்பே இல்லாமல் குளிர்வித்துக் காட்டினார்கள். உப்புப் படிகங்களுக்கு இது கவர்ச்சியான வழி. கரைசலை மாற்றும் தொல்லையே இல்லை. ஆனால் வெளிப்படலத்தை நீக்கும் சில நொடிகளில் படிகம் காய்ந்துவிடலாம். சுற்றிலும் உப்பு படிந்து அதன் சொந்தப் புள்ளிகள் தரவில் கலக்கலாம். வாய்க்கால் அகலமான படிகங்களில் உள்நீரும் பனியாகும். ராபர்ட் தோர்ன் குழுவின் 2019 ஆய்வு இந்த நெருக்கத்தின் அளவுக்கும் பனி உருவாவதற்கும் உள்ள உறவைப் பேசியது.

தோர்ன் குழு 2006இல் இன்னும் எளிய குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தது. திரவ நைட்ரஜனின் மேல் குளிர்ந்த வாயுப் படலம் நிற்கிறது. படிகம் திரவத்தைத் தொடும் முன்பே அந்த வாயுவில் மெதுவாக உறைந்துவிடுகிறது. வாயுவை ஊதி விலக்கி வேகமாக முக்கினால், சிறு மாதிரிகளுக்கு நொடிக்கு 15,000 கெல்வின் வரை எட்டலாம். தேவைப்படும் கிளிசரால் 28 விழுக்காட்டிலிருந்து 6 வரை இறங்கியது. உப்பில் வளர்ந்த படிகத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. 25 விழுக்காடு கிளிசராலை ஏற்காத கரைசல் 6 விழுக்காட்டை ஏற்கக்கூடும்.

அழுத்தம் இன்னொரு கருவி. 1973இல் தோமானெக்கும் மற்றவர்களும் மயோகுளோபின் படிகங்களை உயர் அழுத்தத்தில் உறையவைத்தார்கள். 2005இல் கார்னெலில் கிம், காப்ஃபர், சோல் குரூனர் ஹீலியம் வாயுவில் 200 மெகாபாஸ்கல் வரை அழுத்திக் குளிர்வித்து, காப்புப் பொருளே இல்லாமல் நல்ல தரவு பெற்றார்கள். டார்ட்ரேட் உப்பில் வளரும் தாமாட்டின் புரதப் படிகமும் அப்படிக் குளிர்வித்தவற்றில் ஒன்று. அழுத்தத்தில் நீர் விரிவது குறைகிறது. கருவி எல்லா ஆய்வகங்களிலும் இல்லை என்பதுதான் தடை.

தெளிவு மட்டும் போதுமா?

நீண்ட காலம் வெற்றியின் அளவுகோல் ஒன்றே: பனி வளையம் இல்லையா? இல்லை என்றால் சரி. டக்ளஸ் ஜூர்ஸும் மேத்யூஸும் 2000களில் இந்த அளவுகோலின் குறையைச் சுட்டினார்கள். கண்ணாடியான தூய நீரும் விரியவே செய்கிறது. அடர்ந்த கிளிசரால் கலவையோ சுருங்குகிறது. படிகத்தின் அடுக்கும் தன் அளவில் சுருங்குகிறது. உள்ளிருக்கும் கரைசல் அடுக்கைவிட அதிகமாக விரிந்தாலும் சுருங்கினாலும் படிகத்தின் சிறு பகுதிகள் ஒன்றுக்கொன்று திரும்பிப்போகும், புள்ளிகள் அகலமாகும். ஆகவே காப்புப் பொருளின் 'சரியான' அளவு பனியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு அல்ல. படிகத்தின் சுருக்கத்துக்கு ஈடான அளவு.

இந்த நோக்கில் பார்த்தால் உப்புக் காப்பின் வாதம் ஒரு படி மேலே போகவும் செய்யும், கீழே விழவும் செய்யும். அடர்ந்த உப்புக் கரைசலின் விரிவும் சுருக்கமும் கிளிசராலினுடையதைப் போன்றதாக இருக்க வேண்டியதில்லை. தனித்தனியே அளந்துதான் சொல்ல முடியும். 1998இல் ஹார்ப், பியூனிக் குழுவும், அதே ஆண்டில் யே, ஹோல் இருவரும் உறைந்த படிகத்தைச் சிறிது நேரம் சூடேற்றி மறுபடி குளிர்வித்தால் சில சமயம் ஒழுங்கு மீள்வதைக் காட்டினார்கள். உப்புப் படிகத்தில் அந்த இடைச் சூட்டின்போது உப்பு தனியே படிகமாகும் ஆபத்து கூடுதல்.

குளிரே வேண்டாமா?

மிக அண்மைய நிலைப்பாடு கேள்வியையே தள்ளிவிடுகிறது. ஜேம்ஸ் ஃப்ரேசரும் டாம் ஆல்பரும் மற்றவர்களும் 2011இல் 30 புரதங்களின் குளிர், அறை வெப்பத் தரவுகளை ஒப்பிட்டு, குளிர்விப்பு 35 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பக்கச் சங்கிலிகளின் நிலைப்பரவலை மாற்றிவிடுகிறது என்றார்கள். கட்டற்ற எலக்ட்ரான் எக்ஸ் கதிர் லேசர்கள் சேதம் பரவும் முன்பே படமெடுத்துவிடுகின்றன. சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் நிலையங்களிலும் ஆயிரக்கணக்கான நுண்படிகங்களை ஒவ்வொன்றாகக் கதிரில் காட்டும் முறை வளர்ந்திருக்கிறது.

உப்புப் படிகத்துக்கு இது விடுதலை போலத் தோன்றலாம். ஆனால் எண்ணிக்கையில் நுண்படிகங்கள் கிடைக்காத புரதம், மருந்து மூலக்கூறு தேடலுக்காக நூற்றுக்கணக்கில் சேமித்து வைத்து அனுப்ப வேண்டிய படிகங்கள், பெரிய வைரஸ் அடுக்குகள் ஆகியவற்றுக்குத் திரவ நைட்ரஜன் குடுவை இன்னும் தவிர்க்க முடியாதது.

எங்கே நிற்கிறது

இன்றைய நடைமுறையில் ஒரு வரிசை மெல்ல உருவாகியிருக்கிறது என்று சொல்லலாம். முதலில் எதுவும் சேர்க்காமல் வெளிப்படலத்தை நீக்கிப் பார்ப்பது, அடுத்து வளர்ந்த உப்பின் அயனியைப் பகிரும் லித்தியம் உப்போ மலோனேட்டோ, அதற்கு அடுத்து உப்பைக் குறைக்காமல் சர்க்கரை, கடைசியில்தான் கிளிசரால். இது அனுபவ வரிசை. ஏன் ஒரு படிகம் மலோனேட்டை ஏற்கிறது, அடுத்தது லித்தியம் சல்பேட்டில் கரைகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் கோட்பாடு இன்னும் இல்லை. அயனிகளின் புரதம் வெளித்தள்ளும் வரிசை, நீரின் செயல்திறன், கண்ணாடியாகும் எல்லை, குளிரில் கன அளவு மாற்றம் ஆகிய நான்கையும் ஒரே படிகத்தில், அதுவும் லைசோசைம் அல்லாத நொய்ந்த படிகங்களில், சேர்த்து அளந்த ஆய்வுகள் போதிய அளவில் இல்லை. இன்னொரு குறை வெளியீட்டு வழக்கத்தில் இருக்கிறது. தரவு வங்கியில் ஓர் அமைப்பு பதிவாகும்போது வெற்றி தந்த காப்புக் கரைசல் ஒரு வரியில் வரலாம். அதற்கு முன் உடைந்துபோன படிகங்களும் அவற்றை உடைத்த கரைசல்களும் பெரும்பாலும் ஆய்வகக் குறிப்பேடுகளிலேயே தங்கிவிடுகின்றன. அந்தத் தோல்விகள் உப்பு, அடர்த்தி, ஊறிய நேரம், வளையத்தின் அளவு ஆகிய விவரங்களோடு ஒரே இடத்தில் திரளும்வரை, எந்த உப்பு எந்தப் படிகத்துக்கு என்ற கேள்வி முயன்று பார்ப்பவர்களின் கையில்தான் இருக்கும்.